வேண்டுதல் என்னுடையது, முதுகு அவனுடையது

என் பையனின் இடது தோள் எலும்பை உடைத்தது நான்தான். ஒன்றரை அங்குல இரும்பு ஆங்கிள் துண்டு, கை நீளம் இருக்கும், பட்டறைத் தரையில் கிடந்தது. எடுத்து ஓங்கி ஒரே அடி. இரும்புச் சத்தத்திலேயே ஐம்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தவன் நான். எந்தச் சத்தம் எதிலிருந்து வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அது எலும்புச் சத்தம்.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பெருமைப்பட எனக்கு வேறு நிறைய இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பதிமூன்று வயதில் போட்டிருந்த அரைக்கால் சட்டையோடு புதுச்சேரிக்கு வந்தேன். இன்றைக்கு உழவர்கரையில் என் கிரில் பட்டறையைக் கேட்டால் ஆட்டோக்காரன் நேரே கொண்டுவந்து விடுவான். கடற்கரைப் பக்கத்துப் பழைய வீடுகளில் துருப்பிடித்துப்போன வெள்ளைக்காரன் காலத்துக் கேட்டை, பூ வளைவு ஒன்று பிசகாமல் அப்படியே திரும்பச் செய்து தர என்னை விட்டால் ஆள் கிடையாது. எஞ்சினியர் படித்தவன் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது நான் தரையில் சாக்பீஸால் வரைந்து இரும்பை வளைத்து முடித்திருப்பேன். ஒரு தடவை பட்டறை வாசலில் தகராறுக்கு மூன்று பேர் வந்தார்கள். சிவக்கக் காய்ந்த கம்பியோடு மூன்று பேரையும் தெருமுனை வரை துரத்தினேன். அதில் ஒருவன் கன்னத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. எதிரே வந்தால் வணக்கம் வைப்பான்.

அப்படிப்பட்ட எனக்கு என் பையனை அடக்கத் தெரியவில்லை. போதை மாத்திரையில் ஆரம்பித்தவன் ஊசிக்குப் போய்விட்டான். அன்றைக்குப் பட்டறைக் கக்கூஸ் கதவை உடைத்துத் திறந்தபோது கையில் ஊசி இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தும் அவன் அதை எடுக்கவில்லை. முழுவதும் இறங்கட்டும் என்று காத்திருந்தான். அந்தப் பொறுமைதான் எனக்கு வெறி ஏற்றியது. ஆங்கிள் துண்டைத் தேடியது அதனால்தான்.

மாவுக்கட்டுப் போட்டு வந்த மறுநாளே அவன் காலில் சங்கிலி மாட்டி, டிரில்லிங் மிஷின் அடித்தட்டில் வளையம் வைத்து வெல்டு அடித்துவிட்டேன். மூன்று நாள். வாந்தி எடுத்தான், என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான், கஞ்சி கொடுக்கப்போன என் ஆள் ஒருவனின் கட்டைவிரலைக் கடித்து நகத்தைப் பெயர்த்தான். நான்காம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், என் பெண்சாதி தரையில் உட்கார்ந்து ஹேக்ஸா பிளேடால் சங்கிலியை அறுத்துக்கொண்டிருக்கிறாள். கட்டிங் மிஷின் போட அவளுக்குத் தெரியாது. வெறும் பிளேடைத் துணி சுற்றிப் பிடித்திருந்தாள். துணியெல்லாம் ரத்தம்.

"வெலகுடி. உட்டா ஓடிடுவான்" என்றேன்.

"ஓடட்டும். இங்க கெடந்து சாவறதுக்கு ரோட்ல போய் சாவட்டும்."

"நான் பெத்த புள்ளைய எப்புடி வழிக்குக் கொண்டாறதுன்னு எனக்குத் தெரியும்."

"நீ பெத்தியா?" என்று தலையைத் தூக்காமலே கேட்டாள். பிளேடு நிற்கவில்லை.

அன்றைக்குத்தான் முசேயின் நினைப்பு வந்தது. முசே என்று நாங்கள் கூப்பிடுவது போதைக்காரர்களை வைத்துத் தேற்றுகிற ஒரு வீட்டை நடத்துகிறவரை. அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும், பிரெஞ்சுக்காரன் ஐயா என்பதற்குச் சொல்கிற இந்த முசே பட்டம் உண்டு. இவரும் ஒரு காலத்தில் ஊசியில் கிடந்து மீண்டவர். அந்த வீட்டுக்குக் கேட் போட்டது நான். அளவெடுக்கப் போனபோதே அவரோடு எனக்குச் சண்டை. வெளியே பூட்டுப் போடக் கொண்டி வைக்கிறேன் என்றேன். வேண்டாம், உள்ளே இருப்பவன் திறந்துகொண்டு போகிற மாதிரி தாழ்ப்பாள் மட்டும் வையுங்கள் என்றார். "இது இன்னா கேட்டு, ஆடு மாடுகூட நிக்காது" என்று சிரித்தேன். "நிக்கிறவன் நிப்பாண்ணே" என்றார்.

பையனைக் கயிற்றால் கட்டிக் குட்டியானை லோடு வண்டியில் போட்டு, நாலு ஆட்கள் மேலே உட்கார்ந்து கொண்டுபோனோம். போகிற வழியில் எங்கள் தெரு மாரியம்மன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கி நின்று வேண்டிக்கொண்டேன். தாயே, இவன் தெளிந்து எழுந்தால் ஆடிச் செடல் திருவிழாவுக்கு இவன் முதுகில் கொக்கி போட்டு இதே வண்டியை இழுக்க வைக்கிறேன். இதை வாய்விட்டுச் சொன்னேன். நாலு ஆட்களும் கேட்டார்கள். வண்டிக்குள் கிடந்த பையனும் கேட்டான்.

அந்த வீட்டு வாசலில் முசே, "கட்ட அவுத்துட்டுக் கூட்டியாங்க" என்றார். முடியாது என்றேன். அப்படியானால் திரும்பக் கொண்டுபோங்கள் என்றார். அவிழ்த்துவிட்டேன். கை விடுபட்டதும் பையன் செய்த முதல் வேலை, வண்டியில் கிடந்த வீல் ஸ்பானரை எடுத்து என் வாயில் அடித்ததுதான். முன்பல் மூன்று போனது. இப்போது இருப்பது கட்டின பல். என் ஆட்கள் அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். முசே குறுக்கே விழுந்து நாலு மிதி வாங்கித்தான் அதை நிறுத்த முடிந்தது. அப்புறம் எழுந்து சட்டை மண்ணைத் தட்டிவிட்டு, பையனைப் பார்த்துச் சொன்னார்.

"கேட் தொறந்துதான் கீது. அந்தாண்ட ரோடு. இந்தாண்ட வூடு. நீயே பாத்துக்க."

பையன் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான்: "உள்ள அடிப்பீங்களா?"

"அடிக்க மாட்டோம். ஆனா ஒன்ற வருஷம் ஆவும்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனான். கர்ச்சீப்பை வாயில் அழுத்திக்கொண்டு நான் ரோட்டில் நின்றேன். பல் வலி இல்லை அப்போது எனக்கு. 'உள்ள அடிப்பீங்களா' என்று கேட்டானே, அதுதான் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கவிடுவார்கள். முதல் இரண்டு மாதம் என் முகத்தைப் பார்க்கவே அவன் வரவில்லை. அவன் அம்மாவிடம் பேசுவான். அங்கே எல்லா வேலையும் அவர்களே செய்ய வேண்டும். சமையல், துணி, தோட்டம். காலையில் வட்டமாக உட்கார்ந்து நேற்று மனசில் என்ன வந்தது என்று ஒவ்வொருவனாகச் சொல்ல வேண்டும். ஒருநாள் நான் இருக்கும்போதே இருவருக்குள் சண்டை வந்து, ஒருவன் சாம்பார்க் கரண்டியால் இன்னொருவன் நெற்றியைப் பிளந்துவிட்டான். முசே இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்து, தைக்கப் போகும்போது அடித்தவனே கூடப் போக வேண்டும் என்றார். என் கையில் விட்டிருந்தால் ஒரே நாளில் அத்தனை பேரையும் நிமிர்த்தியிருப்பேன் என்று அவரிடமே சொன்னேன். "நிமித்திட்டு இன்னொரு தோள ஒடச்சிருப்பீங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அன்றைக்குத்தான் அங்கே ஒரு வழக்கம் இருப்பது எனக்குத் தெரிந்தது. ஊசியில் கிடந்தவன் எவனுக்காவது ஆஸ்பத்திரியில் ஊசி போட வேண்டி வந்தால், கூட ஒரு ஆள் போவான். ஊசி வரும்போது கூடப் போனவன் அவன் தாடையைப் பிடித்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வான். ஊசியைப் பார்க்கக் கூடாது, அது தோலுக்குள் போவதைப் பார்க்கவே கூடாது. பல் பிடுங்கப் போனாலும் இதேதான். குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிற மாதிரி இருக்கிறதே என்று கேலி செய்தேன்.

பத்தாவது மாதம் பையனுக்கு உடம்பு தேறியது. கன்னம் வந்தது. என்னோடு பேசவும் ஆரம்பித்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் ஒருவனை விடாமல் சொன்னேன்: ஆடிச் செடலில் பாருங்கள், என் பையன் வண்டி இழுக்கப் போகிறான். பட்டறை வாசலில் பதினைந்தடிக்கு பேனர் வைத்தேன். அவன் படம் பெரிதாக, என் படம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக. திருவிழாவுக்கு ஒன்பது நாள் முன்னால் அவனுக்குக் காப்புக் கட்ட மஞ்சள் கயிற்றோடு அந்த வீட்டுக்குப் போனேன்.

முசே கயிற்றைப் பார்த்தார். விஷயம் கேட்டார். கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, மொட்ட போடுங்க. அங்கப்பிரதட்சணம் பண்ணச் சொல்லுங்க. எங்க மாதா கோயில்ல முட்டி போட்டுப் போவாங்க, அதுமாதிரி போவச் சொல்லுங்க. ஒடம்புல ஊசி கொக்கி எதுவும் எறங்க வாணாம்."

"அம்மனுக்குச் சொன்னது சொன்னதுதான் முசே. நீ வேதக்காரன், ஒனக்கு இது இன்னா தெரியும்."

"அம்மனத் தெரியாதுண்ணே. ஊசியத் தெரியும்."

அவர் பேச்சை நான் காதில் வாங்கவில்லை. பையனைத் தனியாக மாமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் கேட்டேன்.

"வாணாம்ப்பா" என்றான்.

"பயமாடா?"

"பயமில்லப்பா." தரையைப் பார்த்தான். "புடிக்கும்."

இந்த இடத்தில் என் மூளை எங்கே போயிருந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். ஆயிரம் கேட்டுக்கு மனக்கணக்கில் அளவு சொல்கிறவன், அந்த ஒரு வார்த்தையைத் தலைகீழாக எடுத்துக்கொண்டேன். அம்மன் காரியம் பிடிக்கிறது என்கிறானே, இதைவிட என்ன வேண்டும் என்று கயிற்றைக் கட்டிவிட்டேன். அவனும் கையை நீட்டினான். நான் கேட்டால் மாட்டேன் என்று சொல்லுகிற தைரியம் அவனுக்கு இன்னும் வந்திருக்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் அதைத்தான் அந்த வீட்டில் கற்றுக்கொடுப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

செடல் அன்றைக்குக் காலை பதினோரு மணி வெயில். பம்பைச் சத்தம் நெஞ்சில் இடித்தது. முன்னால் ஒருவன் கன்னத்தில் வேல் குத்திக்கொண்டு நின்றான். அலகு குத்துகிற பெரியவர் என் பையனின் முதுகில் விபூதி தேய்த்து, தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கிக் கொக்கியை ஏற்றினார். முதல் கொக்கி, இரண்டாவது, மூன்றாவது. பையன் அசையவில்லை. நான் முன்னால் போய் அவன் முகத்தைப் பார்த்தேன். கண் பாதி மூடியிருந்தது. உதடு லேசாகப் பிரிந்திருந்தது. கக்கூஸ் கதவை உடைத்தபோது பார்த்தேனே, அதே முகம். அதே பொறுமை.

ஏழு கொக்கி முடிந்ததும் அவன் பெரியவரிடம் மெதுவாகச் சொன்னான்: "இன்னும் ரெண்டு போடுங்க."

கூட்டம் ஓ என்று கத்தியது. பெண்கள் குலவை விட்டார்கள். "ஒம் புள்ளைக்கு அருள் வந்துட்ச்சி" என்று பக்கத்து மளிகைக்கடைக்காரன் என் தோளைத் தட்டினான். எனக்குத் தெரிந்துவிட்டது, அது அருள் இல்லை என்று. ஆனால் பேனர் வைத்தவன் நான். ஊரைக் கூட்டியவன் நான். வாயைத் திறக்கவில்லை. ஒன்பது கொக்கியோடு அவன் குட்டியானை வண்டியை மெயின் ரோடு வரை இழுத்தான். முதுகுத் தோல் கூடாரம் மாதிரி நீண்டு நின்றது. கொக்கிகளைக் கழற்றி விபூதி அப்பியதும், குளித்துவிட்டு வருகிறேன் என்று போனவன்தான்.

பத்தொன்பது நாள் ஆள் இல்லை.

அந்தப் பத்தொன்பது நாளில் நான் அடிக்காத ஆள் இல்லை. மாத்திரை விற்கிறவன் என்று யாராவது கை காட்டினால் போதும். மூடிக் கிடக்கும் ஒரு மில்லின் மதிலோரம் ஒருவனைப் பிடித்தேன். முப்பது வயதிருக்கும், பனியனில் கிளிப்படம். தெரியாது தெரியாது என்றான். அங்கே ஒரு இரும்புக் கதவு இருந்தது. அவன் விரல்களைக் கீல் சந்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன். இரண்டாம் தடவை சாத்தும்போது இடத்தைச் சொன்னான். இதற்காக ஸ்டேஷனில் ஒரு நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். அந்த விரல் சத்தமும் எனக்கு மறக்காது.

வீட்டுக்கு வந்து என் பெண்சாதியிடம் இடம் தெரிந்துவிட்டது என்றேன். ஆங்கிள் துண்டு என் கையில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"எதுக்கு அது?"

"அம்மனுக்குச் செஞ்ச காரியத்த அசிங்கப்படுத்திட்டான். இன்னொரு தோளு இருக்குதில்ல."

"வேண்டிக்கினவன் நீ" என்றாள். "முதுகு அவனுதா?"

நான் ஆங்கிளை விடவில்லை.

பாதி கட்டி நிற்கிற ஒரு வீடு. அதன் ஜன்னல்களுக்குக் கிரில் அளவெடுத்தவன் நான்தான். மாடியில் சிமெண்ட் சாக்கின்மேல் படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தான். வலது கை முழங்கையிலிருந்து வீங்கிப் பளபளவென்று இருந்தது. நாற்றம் அடித்தது. நான் கம்பியை ஓங்கினேன். அவன் தடுக்கவில்லை. வீங்கிய கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு மற்ற கையை நீட்டினான்.

"இத அடி. அது ஏற்கெனவே போச்சி."

ஓங்கின கை ஓங்கினபடியே நின்றது. அப்புறம் ஆங்கிளைக் கிரில் இல்லாத ஜன்னல் வழியாக வீசினேன். கீழே மணலில் விழுந்ததால் சத்தம் வரவில்லை. முசேவுக்குப் போன் போட்டேன். அவர் திட்டவில்லை, நான் சொன்னேனே என்றும் சொல்லவில்லை.

"மொதல்ல ஆஸ்பத்திரி. எங்க வூட்டுக்கு நீங்க கூட்டியாராதீங்க. வரணும்னா அவனே வரட்டும். கேட்டு அப்புடித்தான் கீது."

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கையைக் கீறிச் சீழ் எடுக்க வேண்டும் என்றார்கள். நர்சம்மா தட்டில் மரத்துப்போகிற ஊசியோடு வந்தார். பையன் கண் தட்டுக்குப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. உடம்பு முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்தது. தண்ணீர் கண்ட மாடு மாதிரி.

"அப்பா" என்றான். "மூஞ்சத் திருப்பிப் புடி."

நான் பிடித்தேன். அவன் கழுத்து எதிர்த் திசையில் இழுத்தது. நான் என் பக்கம் இழுத்தேன். இரும்பை வளைக்கிற கைக்கு அது பெரிய பலம் இல்லை. ஆனால் அன்றைக்குத் தோற்றுவிடுவேனோ என்று பயந்தேன். "என்னப் பாருடா, என்னப் பாரு" என்றேன். பார்த்தான். என் கட்டின பல்லைப் பார்த்தான் என்று நினைக்கிறேன். ஊசி இறங்கி முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தபடி இருந்தான். அடிப்பதற்கோ கட்டுவதற்கோ இல்லாமல் அவனை நான் தொட்டது எத்தனை வருஷத்துக்குப் பிறகு என்று எனக்குத் தெரியவில்லை.

நாலு நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினோம். அவன் முன்னால் நடந்தான், நான் பத்தடி பின்னால். ஒரு முனையில் இடது பக்கம் திரும்பினால் மில் மதில், நேரே போனால் முசே வீடு. முனையில் நின்றான். நான் அங்கிருந்த இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நின்று, வாயைத் திறக்காமல் இருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது என்னோடு பழகினவர்களுக்குத் தெரியும். அவன் நேரே நடந்தான்.

கேட் தாழ்ப்பாள் மழையில் இறுகியிருந்தது. அதைக் கொஞ்சம் தூக்கி இழுத்தால்தான் வரும். செய்தவனுக்குத் தெரியும். உள்ளே திண்டில் உட்கார்ந்திருந்த இருவர் அவனைப் பார்த்தார்கள், எழுந்து வரவில்லை. அவன் கம்பிக்குள் கையை விட்டு ஒற்றைக் கையால் இழுத்தான், வரவில்லை. நான் ரோட்டின் இந்தப் பக்கமே நின்றேன். இரண்டு அடி வைத்தால் போதும், திறந்துவிடுவேன். வைக்கவில்லை. அவன் கேட்டின் குறுக்குக் கம்பிக்கு அடியில் இடது தோளைக் கொடுத்து, நான் உடைத்த தோளை, முட்டுக்கொடுத்துத் தூக்கினான். கத்திவிட்டான் வலியில். தாழ்ப்பாள் விட்டது. உள்ளே போனான். பத்து மாதக் கணக்கு போய், அவனுக்கு முதல் நாளிலிருந்து திரும்ப ஆரம்பித்தது.

அடுத்த ஆடியில் நான் யாரிடமும் சொல்லாமல், பேனர் இல்லாமல், சட்டையைக் கழற்றிப் பெரியவர் முன் நின்றேன். சர்க்கரை உடம்பு, புண் ஆறாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏழு கொக்கி. அதே வண்டி. பாதித் தூரத்தில் இரண்டாவது கொக்கி தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. ரத்தம் இடுப்பு வேட்டியில் இறங்கியது. நிற்காமல் இழுத்தேன். அறுபத்தேழு வயதில் எவன் இழுப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தேன். பையன் கவனித்துவிட்டான்.

"குத்திக்கினியா?"

"ஏழுடா." என் உடம்பு தானாக நிமிர்ந்தது. "மெயின் ரோடு வரைக்கும். நிறுத்தவே இல்ல. ரெண்டாவது கொக்கி ஏத்துறப்ப பாரு, அந்தப் பெரியவரு தோலக் கிள்ளி..."

அவன் மெதுவாக முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினான். தாடை இறுகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டான். பிடிக்க ஒரு கை தேவைப்படவில்லை.

என் வாழ்க்கையில் நான் எந்தக் கதையையும் பாதியில் நிறுத்தியதில்லை. அதை நிறுத்தினேன். சமையலறைப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது.

"இன்னிக்கு இன்னா சோறு?" என்றேன்.

"முருங்கக்கா சாம்பார்." முகம் இன்னும் சுவர்ப் பக்கம்தான் இருந்தது. "நாந்தான் வெச்சேன்."

"உப்பு சரியா போட்டியா?"

"துன்னு பாத்துச் சொல்லு."